வெளிப்பக்கம் கிடந்த படல்

எங்கள் லூமர் மாவட்டத்தில் மனிதர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். மாடுகள் ஐம்பதாயிரத்துக்குக் குறையாது. இருந்தும் ஓட்டுரிமை மனிதர்களுக்கு மட்டும்தான் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாடுகள் எங்களைவிட நிதானமானவை. புல் போர்த்திய மணற்குன்றுகள், நடுநடுவே குளம், காற்றாடி இறைத்து நிரப்பும் தொட்டிகள், இவ்வளவுதான் ஊர். நூறு வருஷத்துக்கு முன்பு இலவச நிலம் என்றதும் ஓடிவந்து ஏர் பூட்டியவர்கள், கிளம்பிய மணலைக் கண்ணிலிருந்து துடைத்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். புல்லைக் கிளறாமல் மாட்டை மேயவிட்ட புத்திசாலிகள் தங்கினார்கள். என் தாத்தா ஏர் பூட்டிய கோஷ்டிதான். திரும்பிப் போக வண்டிக்குச் சக்கரம் இல்லாததால் தங்கிவிட்டார்.

இங்கே சட்டம் என்று ஒன்று உண்டென்றால் அது படலைப் பற்றியது. மூன்று குச்சிகளில் நான்கு வரிசை முள்கம்பி கட்டி, கம்பத்தில் ஒரு வளையத்தால் மாட்டுகிற படல். திறந்திருந்தால் திறந்தபடி விட வேண்டும், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும். ஜெயிலுக்குப் போய் வந்தவனோடு உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். படலைத் திறந்து போட்டவனோடு குடிக்க யோசிப்பார்கள்.

வெர்லின் கோஸ்டல் ஆகிய நான் முப்பத்தோரு வருஷமாக அந்த இரண்டாவது ரகம். பக்கத்துப் பண்ணைக்காரர் எல்மோ யெஸ்பர்சனின் காளைக்காட்டுப் படலை நான் மூடாமல் போனேனாம். காளைகள் வெளியே வந்து, இரண்டு மாதம் முன்னதாகவே கிடேரிகளோடு சேர்ந்துவிட்டன. அடுத்த பிப்ரவரியில், பனிப்புயலுக்கு நடுவே கன்றுகள் விழுந்தன. பதினேழு செத்தன. நான் மூடினேன், சத்தியமாக மூடினேன். என் மனைவி ஆர்டித்கூட, "மூடியிருப்பே. மறந்தும் இருப்பே" என்றுதான் தீர்ப்புச் சொன்னாள்.

யெஸ்பர்சன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைவிட மோசமாகச் செய்தார். மே மாதம் அவர் பண்ணையில் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாளில் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் கூடிவிடுவோம். குதிரைமேல் இருந்து கயிறு வீசி, கன்றின் பின்னங்காலைப் பிடித்து நெருப்புக்கு இழுத்து வருவது யார் யார் என்று பண்ணைக்காரர் பெயர் சொல்லுவார். அதுதான் மரியாதை. மற்றவர்கள் தரையில் கன்றை அமுக்கிப் பிடித்து உதை வாங்க வேண்டும். முப்பத்தோரு வருஷமாக நான் குதிரையும் கயிறும் கொண்டுபோய், என் பெயர் வராமல், உதை வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன்.

"இந்த வருஷமும் கயிறா?" என்று, பின்னால் குதிரையை ஏற்றிக்கொண்டு யெஸ்பர்சன் பண்ணைக்குப் போகும்போது, வண்டியில் ஆர்டித் கேட்டாள். மடியில் ஒரு தட்டு நிறைய, பட்டைப்பொடி தூவிய ரொட்டிச் சுருள். "பேசாம அதுல துணி காயப்போடலாம்."

"வாயை மூடிக்கிட்டு வா. அந்தத் தட்டு சாயுது பாரு."

"யெஸ்பர்சன் பெரியவரோட பையன் கர்ட் டென்வர்லேருந்து வந்திருக்கானாம். தீவனக் கடையில சொன்னாங்க. போன மாசம் அவர் அடுப்பை அணைக்க மறந்துட்டாராம். இன்னொரு தடவை எதையாவது மறந்தா பண்ணையை விட்டுட்டு என்கூட வந்துடணும்னு கர்ட் சொல்லிட்டானாம்."

எண்பத்தோரு வயதில் யெஸ்பர்சனை டென்வர் அடுக்குமாடியில் நினைத்துப் பார்த்தேன். எனக்கு அவர்மேல் பிரியம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அங்கே அவருக்குத் திறந்து மூட ஒரு படல்கூட இருக்காது.

கிடேரிகள் மேயும் காட்டைக் கடந்து, அவர் வீட்டுக்குப் போகும் வழியிலுள்ள அதே காளைக்காட்டுப் படலுக்கு வந்தோம். திறந்து கிடந்தது.

"திறந்திருந்தா திறந்தபடி விடணும்" என்றாள் ஆர்டித்.

"ஆமா. அந்த நாலு காளைகிட்டயும் போய்ச் சொல்லு."

நான்கு காளைகள் படலை நோக்கி, கல்யாண விருந்துக்குப் புறப்பட்டவைபோல, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தன. நான் தொப்பியையும் ஆர்டித் தட்டுமேல் மூடியிருந்த துணியையும் வீசிக்கொண்டு ஓடினோம். விரட்டி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் கீழே பார்த்தேன். பனித்துளி மூடிய புல்லில் எங்கள் தடத்தைத் தவிர ஒரே ஒரு வண்டித்தடம். வீட்டிலிருந்து வந்து, கிடேரிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கே திரும்பியிருந்தது. படல் வெளிப்பக்கம் கிடந்தது. நாங்கள் எல்லோரும் அதை உள்பக்கம்தான் இழுத்துப் போடுவோம். இடக்கைக்காரர் யெஸ்பர்சன் ஒருவர்தான் வெளிப்பக்கம் எறிகிறவர்.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு இதே இடத்தில் நிறுத்தினார்கள். அன்று கீழே கிடந்த படலில் என் புதுக் கால்சட்டை கிழிந்தது. அதுவும் வெளிப்பக்கம்தான் கிடந்தது. கால்சட்டைக்காக வருத்தப்பட்ட முட்டாள், படலை யோசிக்கவில்லை.

"ஆர்டித், அன்னிக்கும் அவர்தான்" என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் வீட்டிலிருந்து வண்டி வந்துவிட்டது. கர்ட் குதித்து இறங்கினான். பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

"யார் திறந்து போட்டது?" என்றான் கர்ட். என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தான். "அப்பா, காலையில கிடேரியைப் பார்க்கப் போனீங்களே?"

யெஸ்பர்சன் படலைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார். அப்படி ஒரு பயத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், முப்பத்தோரு வருஷக் கணக்கு தீர்ந்துவிடும். அதை எத்தனை ராத்திரி மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்!

"நான்தான்" என்றேன். "குதிரை ஏத்தின வண்டியை உள்ளே கொண்டுவரத் திறந்து போட்டேன். அதுக்குள்ளே காளை வந்துடுச்சு."

ஆர்டித் என் காலை மிதித்தாள். பெண்பிள்ளையின் மிதி இல்லை அது, கன்றின் உதை.

"இன்னும் திருந்தலையாடா நீ?" என்றார் யெஸ்பர்சன். சத்தம் பெரிதாக இருந்தாலும் கண் என்னை நேராகப் பார்க்கவில்லை.

பட்டியில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். விஷயம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. "வெர்லின், எங்க வீட்டுக்கு வரும்போது சொல்லிட்டு வா, படலைக் கழட்டி உள்ளே வெச்சுடறேன்" என்றான் ஒருவன். நெருப்பில் இரும்பு சிவந்தது. யெஸ்பர்சன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பெயர்களைச் சொன்னார். மூன்றாவதாக, "வெர்லின் கோஸ்டல்" என்றார்.

கன்றுகள்கூடக் கத்துவதை நிறுத்தியதாக எனக்குத் தோன்றியது.

முதல் வீச்சு மண்ணைப் பிடித்தது. இரண்டாவது என் குதிரையின் காதைப் பிடித்தது. "துணி காயப்போடறியா?" என்று வேலியிலிருந்து ஆர்டித் கத்தினாள். மூன்றாவது, இரண்டு பின்னங்காலிலும் அழகாக விழுந்தது. அதன்பின் மத்தியானம்வரை நான் இறங்கவே இல்லை. எனக்கு அழுகை வந்தது, வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது யெஸ்பர்சன் தன் வண்டியில் எங்கள் பின்னாலேயே வந்தார். படலைத் திறந்து எங்களை வெளியே விட்டார். தானே மூடினார். வளையத்தை மாட்டிவிட்டு இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார்.

"மூடியிருக்கேனா?"

"மூடியிருக்கீங்க, பெரியவரே."

"அந்தப் பதினேழு கன்னு..." கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் சொன்னார். "அன்னிக்கும் நான்தான். ரெண்டு நாள்லயே ஞாபகம் வந்துடுச்சு. சொல்ல வாய் வரலை. அப்புறம் வருஷம் போகப் போக இன்னும் கஷ்டமாயிடுச்சு."

கோபம் வந்தது. முப்பத்தோரு வருஷ உதையும் ஒரே நேரத்தில் விலாவில் வலித்தது. கன்னாபின்னாவென்று திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவர் கை இன்னும் வளையத்தையே பிடித்துக்கொண்டிருந்தது, விட்டால் கழன்றுவிடும் என்பதுபோல.

"தினம் காலையில இந்த வழியா வந்து பார்த்துட்டுப் போறேன்" என்றேன். "ஆனா அடுத்த வருஷமும் கயிறு எனக்குத்தான்."

"மூணாவது தடவைதானேடா பிடிச்சே!" என்றார். சிரித்தார்.

திரும்பும் வழியில் ஆர்டித் என் கைமேல் கை வைத்தாள். அவளுக்கு அது பெரிய காரியம். "அப்போ நீ மூடித்தான் இருந்தே."

"முப்பத்தோரு வருஷமா அதைத்தானே சொல்றேன்."

"சரி, சரி. தப்புத்தான். அது போகட்டும், காலையில நம்ம வீட்டுப் படலை மூடினியா?"

யோசித்தேன். இறங்கியது ஞாபகம் இருந்தது. வளையத்தைத் தொட்டதும் ஞாபகம் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் ஞாபகம் இல்லை. வண்டியை வேகமாக ஓட்டினேன்.