யாகோஷ் குலத்து மரம்

"இதுல அம்மா பேரு எங்க, அப்பா?" என்று யத்ராங்கா கேட்டதும் சாப்பாட்டு மேசையில் முள்கரண்டிச் சத்தம் நின்றது.

யாகோஷ் வாயிலிருந்த பன்றி இறைச்சியை மென்று விழுங்கிவிட்டு மகளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கையில் அவர் எழுதிக் கொடுத்த பட்டியல். எட்டுத் தலைமுறை, நூற்று நாற்பது பேர், அத்தனையும் ஆண்கள். மகன் பிறக்காதவர்கள் பெயருக்குப் பக்கத்தில் 'வாரிசு இல்லை' என்றிருந்தது. கோடையில் குலத்தார் கூடும் மண்டபத்தில் மாட்ட ஒரு வம்ச மரம் வேண்டும். நிக்ஷிச் நகரத்து ஆசிரியர் கல்லூரியில் மகள் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் மாணவர்கள் வரைந்தால் செலவில்லை.

"பொம்பளைய எதுக்கு எழுதணும்? அடுத்த வீட்டு அடுப்ப எரிக்கப் போறவ."

"அக்காவுக்குக் கோவத்தப் பாரு!" என்று தம்பி பால்ஷா சிரித்தான். தனக்குப் பிறந்த மூன்றும் ஆண் என்ற மிதப்பு அவனுக்கு.

அம்மா விதோசவா தட்டுகளை அடுக்கினாள்.

"சரிப்பா, வரையுறோம்," என்று யத்ராங்கா காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அவள் வகுப்பில் யாரும் தனியாக வரைவதில்லை. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே ஒரே துணியில் சேர்ந்து வரைவார்கள். அன்று பட்டியலை அவளே உரக்க வாசித்தாள். "நோவிட்சா, வாரிசு இல்லை" என்றதும் ஆஞ்சா என்ற மாணவி தூரிகையைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், அந்த நோவிட்சாவுக்கு அஞ்சு பொண்ணுங்க. கடைசிப் பொண்ணோட பேத்திதான் எங்கம்மா. அப்ப நாங்கல்லாம் காத்துல வந்தவங்களா?"

"போய்க் கேப்போம் வாங்க," என்றாள் யத்ராங்கா.

பன்னிரண்டு மாணவர்கள் இரண்டு மாதம் மலைக்கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பனியில் பிள்ளை பெற்று, அதை மடியில் கட்டிக்கொண்டு விறகையும் சுமந்து வந்தவளின் கதை கிடைத்தது. நான்காவதும் பெண்ணாய்ப் போனதால் தாய்வீட்டுக்கு விரட்டப்பட்டவளின் கதை கிடைத்தது. வகுப்பில் அதையெல்லாம் சொல்லச் சொல்லத் துணி நிறைந்தது.

"உங்கப்பா நம்ம தோல உரிச்சிருவாரு டீச்சர்," என்றான் ஒருவன்.

"உரிக்கட்டும். இதுக்காகத்தான் நாப்பது வருஷமாப் பல்லக் கடிச்சிட்டிருந்தேன்."

குலம் கூடிய நாளன்று ஓவியத்தை மூடியிருந்த திரையை யாகோஷே இழுத்தார். கிளைக்குக் கிளை பெண்கள். ஒவ்வொருத்தி காலடியிலும் அவள் பெயர். தேடிப் பார்த்தாலும் ஓர் ஆண் பெயர் இல்லை.

"இதுல நான் எங்கடி?"

"அதோ உங்கம்மா இருக்காங்க. அத வச்சுத் தெரிஞ்சுக்கோங்கப்பா."

பால்ஷா தன் மனைவியின் பெயரைக் கண்டுபிடித்தான். கீழே 'வாரிசு இல்லை' என்றிருந்தது.

"மூணு சிங்கம் இருக்கு வீட்ல! வாரிசு இல்லையா?"

பின்னால் ராக்கியா மதுக் கோப்பைகளுடன் நின்ற அவன் மனைவி அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். தம்பியின் முகம் கறுப்பதை யத்ராங்கா ஆற அமரப் பார்த்தாள். இனித்தது.

"கழட்டி அடுப்புல போடணும் இத! விதோசவா, ஒரு நாற்காலி கொண்டா!" யாகோஷ் கத்தினார்.

விதோசவா நாற்காலியைத் தூக்கி வந்தாள். மரத்துக்கு நேர் எதிரே போட்டாள். அதில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடிமரத்துப் பெயரிலிருந்து எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினாள். யாகோஷ் குறுக்கே வந்து நின்றார்.

"தள்ளி நில்லுங்க," என்றாள் அவள். "மறைக்குது."