காலடியில் இடாப்பு

"பெட்டியைத் திறவுங்கோ."

அன்ரனிட்டா இதைச் சொன்னபோது மூடி இறங்கி, ஆறு திருகாணியில் நாலு இறுகிவிட்டது. ஐந்தாவதைப் பிடித்திருந்த சவப்பெட்டிக் கடைப் பெடியன் டிலோனின் கை அப்படியே நின்றது. முற்றத்தில் சிலுவை தூக்கிக்கொண்டு நின்றவர் அதை நிலத்தில் ஊன்றினார். செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் அருள்நிறைந்த மரியேயின் பாதியில் வாயடைத்துப் போனார்கள்.

கேட்கக்கூடாது என்று அவளுக்குக் காலையிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். சின்னம்மா ஜெயந்தா, செத்தவளின் தலைமுடியைச் சீப்பால் இழுத்துக்கொண்டே சொன்னாள்: "மூடி போட்டாப் பிறகு திறக்கச் சொல்லி வாய் திறக்கக்கூடாது, விளங்கிச்சுதோ? பெத்த பிள்ளை கேக்கவே கூடாது. வீட்டிலை இன்னொரு உயிரையும் கொண்டு போகும்." பிள்ளையின் வாயைத் தெரிந்தவள்.

மாமா சில்வெஸ்ரர் கதிரையை விட்டு எழும்பினார். அம்மாவின் அண்ணன். கோயில் மூப்பர். இருபது வருசமாக அந்தக் கரையில் அவர் தலையாட்டாமல் ஒரு சவமும் குழிக்குள் இறங்கியதில்லை.

"என்னடி விசர்க்கதை? தாயின்ரை முகத்தை இன்னொருக்கால் பாக்கவோ?"

"முகம் வேண்டாம். காலடி."

யாரோ ஒருத்தி "யேசுவே" என்றாள்.

அம்மா செபஸ்தியம்மா செத்தது சனிக்கிழமை, கோயில் மண்டபத்தில், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது. ஏழு பிள்ளைகள். எல்லாம் இந்திய அகதி முகாமில் பிறந்து, கடதாசி வரும் வரும் என்று காத்திருந்து அலுத்த தாய் தகப்பனோடு நாலு வருசத்துக்கு முன் வள்ளத்தில் வந்து இறங்கியவை. களவாக வந்த வழக்கு முடிந்தது, பிறப்புப் பதிவு முடியவில்லை. பதிவில்லாத பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடமும் எடுக்கவில்லை. எடுத்தவள் செபஸ்தியம்மா ஒருத்திதான். காலையில் ஞானோபதேசம், பிறகு தமிழும் கணக்கும். கையில் கோடு போடுகிற அடிமட்டம். "மிஸ்" என்று கூப்பிட்டால் விரல் மொழியில் அடி ஒன்று விழும். "ரீச்சர் எண்டு சொல்லு. இது இந்தியா இல்லை."

அவளுடைய வகுப்பில் ஒரு சட்டம். செபம் தொடங்கினால் ரீச்சர் ஆமென் சொல்லும்வரை ஒரு பிள்ளை அசையக்கூடாது, கதைக்கக்கூடாது. சனிக்கிழமை அவள் கதிரையில் கண்ணை மூடிச் செபத்தைத் தொடங்கினாள். முடிக்கவில்லை. பிள்ளைகள் கை கூப்பியபடி முக்கால் மணித்தியாலம் நின்றார்கள். ஒன்று நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. கடைசியில் பன்னிரண்டு வயதுக் கம்சிகாதான், அடிவிழுந்தாலும் பரவாயில்லை என்று, ரீச்சர் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"மிஸ் ஆமென் சொல்லலை" என்றாள். அன்ரனிட்டா ஓடிப்போனபோது அம்மாவின் கை குளிர்ந்திருந்தது.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே அன்ரனிட்டா கம்சிகாவின் தாய் மனோகரிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். பிரதேச செயலகத்தில் பதிவில்லாதவர்களுக்கான நடமாடும் சேவை வருகிறது. இத்தனை வருசமாக இங்கேதான் இருந்து படித்தார்கள் என்பதற்கு எழுத்தில் ஏதாவது காட்டினால், பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாகச் சேர்க்கக் கடிதம் தருவார்கள். "அம்மான்ரை வரவு இடாப்பு இருக்கு. ஒருநாளும் தவறாமல் பேர் கூப்பிட்டுக் கோடு போட்டவ. நீங்கள் பயப்பிடாதையுங்கோ அக்கா." அந்த இடாப்பை அவள் ஒருநாளும் விரித்துப் பார்த்ததில்லை. அம்மா அதை அலுமாரிக்குள் பூட்டி வைப்பாள். சேவை இன்றைக்கு ஒருநாள்தான். நாலு மணிக்கு மூடிவிடுவார்கள். இப்போது இரண்டே கால்.

சற்று முன், மூடி இறங்கும்போதுதான் அவள் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தாள். அம்மாவின் சேலைகள் இருந்தன. இடாப்பு இல்லை.

"அண்ணை எடுத்து வைச்சவர்" என்று பின்னால் வந்த ஜெயந்தா சொன்னாள். "பெட்டிக்குள்ளை, காலடியிலை. ஞானோபதேசம் படிப்பிச்ச ஆக்களுக்குப் புத்தகம் வைச்சு விடுறதுதானே எங்கடை வழக்கம்."

"செபப்புத்தகம் வைக்கிறதுதான் வழக்கம்."

"அதையும் வைச்சது."

இப்போது மாமா பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"கம்பஸிலை பட்டம் முடிச்சவ கட்டளை போடுறா. ஏன், சேர்ட்டிபிக்கேற்றைக் காட்டிச் சவத்தை எழுப்பப் போறியோ?"

"வழி விடுங்கோ மாமா."

"மரியாதை இல்லையோ உனக்கு? பெத்தவள் கிடக்கிறாள்."

"அவ கிடக்கிறா. வெளியிலை ஏழு பிள்ளை நிக்குது."

பாதர் மணிக்கூட்டைப் பார்த்தார். இளம் ஆள். காரைநகர்ப் பக்கமிருந்து பூசைக்கு வந்துபோகிறவர். "கெதியாத் திறந்து மூடுங்கோ" என்றார் மெல்ல. "நாலரைக்கு எனக்கு இன்னொரு இடத்திலை பூசை இருக்கு."

மாமா விலகினார். பாதருக்காகத்தான். டிலோன் திருகாணிகளைக் கழற்றினான். மூடி எழும்பியதும் ஓடிக்கொலோன் வாசம் அடித்தது. அன்ரனிட்டா முகத்தின் பக்கம் போகவில்லை. வெள்ளைக் காலுறைக்குக் கீழே இடாப்பின் நீல மட்டை தெரிந்தது. பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் ஊன்றி இழுத்தாள். இடாப்பு வந்தது. அதோடு அம்மாவின் வலது கால் ஒரு பக்கம் சரிந்தது. அவள் அதை நேராக்கவில்லை.

அங்கேயே நின்று விரித்தாள். அச்சடித்தது போன்ற கையெழுத்து. நாலு வருசத்து நாட்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஏழு சிவப்புக் கோடு. இடது பக்கத்தில் பெயர்கள்.

கத்தரீனா. பிலோமினா. யூதா ததேயு. அகுஸ்தீன். லூசியா. ஆரோக்கியம். மிக்கேல்.

அவள் பக்கத்தைப் புரட்டினாள். பின்னால் போனாள். முதல் நாளுக்குப் போனாள். எங்கும் கம்சிகா இல்லை. நிலக்சனா இல்லை. ஏழில் ஒரு பிள்ளையும் இல்லை.

"இப்ப விளங்குதோ?" மாமா காதுக்குக் கிட்ட வந்து சொன்னார். குரலில் இப்போது கோபமில்லை. "நான் அவளுக்காகத்தான் வைச்சனான். சைவப் பிள்ளையளுக்குச் புனிதர் பேர் வைச்சுக் கிறிஸ்தவ வேதத்துக்கு இழுத்தவள் எண்டு நாளைக்கு நாலு சனம் கதைக்கும். அவளோடை போகட்டும் எண்டு விட்டனான்."

"உங்களுக்கு முந்தித் தெரியுமோ?"

"கோயிலுக்கே தெரியும். நீ கம்பஸிலை இருந்தாய்."

அன்ரனிட்டாவும் முகாமில் பிறந்தவள்தான். ஆனால் அவள் பிளேனில், கடதாசியோடு வந்து இறங்கியவள். அந்த ஒரு வித்தியாசத்தில் அவள் பெயர் அவளோடேயே வந்தது. பள்ளிக்கூடத்தில், கம்பஸில், பட்டத்தில், எல்லாவற்றிலும் அதே பெயர்.

அவள் இடாப்போடு முற்றத்தைக் கடந்து படலைக்கு வந்தாள். மனோகரி வெளியே வேலியோரம் நின்றாள். உள்ளே வரச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. ஏழு பிள்ளைகளும் சோடி சோடியாக, செபஸ்தியம்மா பழக்கியபடி நின்றார்கள். ஏழாவது தனியே நின்றது.

"அக்கா, அம்மா பேர் மாத்தினது உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்மா. பேரு வச்சாத்தான் படிப்புன்னாங்க. பேருதானேன்னு விட்டுட்டேன்."

"இதிலையும் அந்தப் பேர்தான் கிடக்கு."

மனோகரி இடாப்பையே பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. "கூப்பிடுறதுக்கு மட்டும்னு நினைச்சேன்" என்றாள். "எழுதுறப்ப எங்க புள்ளைங்க பேரைத்தானே எழுதுவாங்கன்னு."

அன்ரனிட்டா குனிந்தாள். "உன்ரை பேர் என்ன?"

கம்சிகா முதலில் அவளுடைய கையைப் பார்த்தாள், அடிமட்டம் இருக்கிறதா என்று. பிறகு கேட்டாள்: "எந்தப் பேரு மிஸ்?"

மாமா பின்னாலேயே வந்துவிட்டார். "விடு பிள்ளை. இனி அதாலை ஒரு பிரயோசனமும் இல்லை. கொண்டா, வைச்சு மூடுவம்."

"பிரயோசனம் இருக்கு. கத்தரீனா எண்டது கம்சிகாதான் எண்டு நான் சத்தியக்கடதாசி முடிச்சுக் குடுக்கப் போறன். ஏழு பேருக்கும். செயலகத்துக்குப் போற வழியிலைதான் வைத்திலிங்கம் மாஸ்ரற்றை வீடு, அவர் சமாதான நீதவான்."

"அதிலை என்னெண்டு எழுதுவாய்?"

"நடந்ததை. என்ரை தாய் படிப்புக் குடுக்கிறதுக்குப் பேரை வாங்கினவ எண்டு."

மாமாவின் கை ஓங்கியது. பாதர் பார்த்துக்கொண்டு நின்றதால் அது தலையைத் தடவப் போனதுபோல் இறங்கியது. "அவள் உண்ணுறதை உடுக்கிறதை விட்டு இதுகளுக்குப் படிப்பிச்சவளடி. ஒரு நாயும் எட்டிப் பாக்காத பிள்ளையள். அவளின்ரை பேர் நாறும்."

"அவ அடக்கம் முடிஞ்சு போயிடுவா. இதுகள் இங்கைதான் இருக்கப் போகுதுகள்."

ஜெயந்தா வந்து கையைப் பிடித்தாள். அழுது வீங்கின முகம். "ஒரே பிள்ளையடி நீ. மண் போடாமல் போறியோ? வெள்ளனவா எழும்பி உனக்கு இடியப்பம் அவிச்சுக் கட்டித் தந்து பஸ் ஏத்தினவள். ஒரு மணித்தியாலம். ஒரு மணித்தியாலம் நிக்க ஏலாதோ?"

ஒரு மணித்தியாலத்தில் மூன்றரை ஆகிவிடும். அன்ரனிட்டா சின்னம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"என்ரை மண்ணையும் நீங்கள் போடுங்கோ" என்றாள்.

உள்ளே டிலோன் மூடியை வைத்தான். சரிந்த காலை யாராவது நேராக்கினார்களா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாதர் புத்தகத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடங்கினார். அந்தக் குரல் கேட்டதுதான் தாமதம், படலையடியில் ஏழு பிள்ளைகளும் கை கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"வாங்கோ" என்றாள் அன்ரனிட்டா. ஒருவரும் அசையவில்லை. மனோகரி மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கம்சிகா கண்ணைத் திறக்காமலே மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

அன்ரனிட்டா காத்து நிற்கவில்லை. இடாப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீதிக்கு இறங்கினாள். கோயில் மணி ஒற்றை ஒற்றையாக அடித்தது. வெயிலில் தார் இளகிக் கிடந்தது. அவள் வேகமாகவே நடந்தாள். பூவரசுகள் முடிந்து பனைவெளி தொடங்கும் இடத்துக்கு வந்தபோது, பின்னால், முற்றம் முழுவதும் சேர்ந்து சொல்லிய ஆமென் கேட்டது.

அதற்குப் பிறகுதான் செருப்புகள் ஓடிவரும் சத்தம் கேட்டது.