திங்கட்கிழமைக்கு ஆன்

புதன்கிழமை காலை ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே என் கணவர் ஒரு தாளை நீட்டினார். லிஃப்ட் மெக்கானிக். சூப்பர்வைசர் தேர்வுக்கு ஆங்கிலம் படிப்பதாகச் சொல்லி நாலு மாதமாக இப்படித்தான், ஒரு நாளைக்கு ஒரே வாக்கியம். பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள் நான்.

‘ஐ கேனாட் கம் இன் மண்டே’ என்று எழுதியிருந்தார்.

“மாசத்துக்குத்தான் இன். கிழமைக்கு ஆன், மணிக்கு அட். எத்தனை தடவை சொல்றது?”

“லிஃப்டுக்கே மேல, கீழன்னு ரெண்டு பட்டன் போதும், டீச்சரம்மா. நேரத்துக்குப் போய் மூணு வெச்சிருக்காங்களே.”

பென்சிலால் அடித்து ‘ஆன்’ போட்டேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பதினோரு மணிக்கு, ஏதோ ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவருடைய போன் அடித்தது. இருதய ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டுமாம். அப்படி ஒரு ஆபரேஷன் இருப்பதே எனக்குத் தெரியாது.

மறுநாள் நேரில் போனேன். குமாஸ்தா ஃபைலைத் திருப்பினார். நாள் தள்ளிவைக்கக் கேட்டு என் கணவர் கையெழுத்தில் மூன்று கடிதங்கள். வீட்டு மேஜையில் வெவ்வேறு காலைகளில் நான் திருத்திய வாக்கியங்கள் அங்கே வரிசையாக நின்றன. இன், ஆன், அட் எல்லாம் சரி.

“ஒரு பிழை இருக்காதும்மா, டாக்டரே சொல்லுவாரு” என்றார் குமாஸ்தா. பிறகு பதிவேட்டில் திங்கட்கிழமைப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

வீட்டில் நாத்தனார் என் முகத்தைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டாள்.

“அண்ணனுக்குக் கத்தின்னா பயம், அண்ணி. உங்களுக்குத் தெரிஞ்சா இழுத்துட்டுப் போய்ப் படுக்க வெச்சிருவீங்கன்னு என் வாயையும் கட்டிட்டாரு.”

படுக்க வைத்திருப்பேன்தான். வேறு எதற்கு நான்? என் விரலைக் கொண்டே என் கண்ணைக் குத்திவிட்டுப் போனார். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அவர் போட்டிருந்த துணிகளோடு அந்தக் கடைசித் தாளும் திரும்பி வந்திருந்தது. அதை அவர் ஆஸ்பத்திரியில் கொடுத்திருக்கவில்லை. அதனால் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் நான் பார்த்தபோதும் அந்த வரி அப்படியே இருந்தது: அவர் பெயர், திங்கட்கிழமை, காலை பத்து மணி.