ஏரிக்கரையில் பேசக் கூடாது

சகல ஜனங்களுக்கும், குறிப்பாகக் கர்ணங்களுக்கும் கொக்குகளுக்கும், இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: நகரி குளிர்காலப் பறவை நோக்கர் சங்கத்தார் மார்கழி மாதக் கடைசி ஞாயிறு காலை மேற்கேரிக்கு விஜயம் செய்வார்கள். அச்சமயம் கரையில் இருமுவது, தும்முவது, வெள்ளைச் சட்டை போடுவது, அரசியல் பேசுவது யாவும் விலக்கப்பட்டுள்ளன. இப்படிக்கு, நாகபூஷணம், துணைத் தாசில்தார் (ஓய்வு), தலைவர்.

சங்கத்துக்கு உறுப்பினர்கள் இரண்டு பேர். தலைவர் போக மிச்சமிருந்தவர் காரியதரிசி, ஹைஸ்கூல் தமிழ் வாத்தியார் முனிரத்தினம். தொலைநோக்கி ஒன்றே ஒன்று. அது தலைவரின் கழுத்தில் தொங்கியது. பறவை பறந்துபோன பிறகு காரியதரிசிக்கும் கொடுப்பார்.

முனிரத்தினத்துக்குப் பறவைகள் மேல் ஒரு பிரியமும் கிடையாது. அவர் கவலை வேறு. ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சித்தூர் ஜில்லா அதோடு போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. நகரி சென்னையோடு சேர வேண்டும் என்று ஒரு கட்சி, இங்கேயே இருக்கட்டும் என்று ஒரு கட்சி. இதற்கிடையில் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பை மூடிவிட்டு வாத்தியாரைப் பலமனேருக்கு மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஊர் சென்னைக்குப் போனால் வகுப்பு பிழைக்கும். போகாவிட்டால், இப்போதுதான் ஓடு வேய்ந்து முடித்த வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். சுவருக்கு இன்னும் சுண்ணாம்புகூட அடிக்கவில்லை.

எல்லை விசாரணைக்கென்று வடக்கேயிருந்து வந்த அதிகாரி ஒருவர் புத்தூர் பங்களாவில் தங்கியிருந்தார். அவருக்குப் பறவைப் பைத்தியம்; தொலைநோக்கியை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். சங்கதி தெரிந்த மறுநாளே நாகபூஷணம் சங்கத்தை ஸ்தாபித்தார். அதற்கு மறுநாள் முனிரத்தினம் அதில் சேர்ந்தார். ஏரி ஆந்திராவில் இருக்க வேண்டும் என்பது தலைவரின் நோக்கம்; சென்னையில் இருக்க வேண்டும் என்பது காரியதரிசியின் நோக்கம். இருவருக்கும் பொதுவாக இருந்தது மஃப்ளர்தான்.

வாராவாரம் அதிகாரி வந்தார். வாராவாரம் உதட்டில் விரலை வைத்தபடியே நின்றார். பொதுக்கூட்டத்தில் மைக் கெட்டுப்போனால் ஆள் விட்டுக் கூப்பிடும்படியான குரல் முனிரத்தினத்துடையது. அதை வைத்துக்கொண்டு அவர் நாணல் புதருக்குப் பின்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். செருப்பு கிறீச்சிட்டால் அதிகாரி திரும்பி முறைத்தார்.

கடைசி ஞாயிறு விடியலில் மனைவி சுலோசனா காபி டம்ளரை நங்கென்று வைத்தாள்.

"மாசம் பூரா அந்த ஆளு பக்கத்துலயே நின்னுகினு இருக்கீங்க. ஒரு வார்த்தை பேச வாய் வரலியா?"

"பேசினா கொக்கு பறந்துடும்டி."

"அது பறந்தா போவட்டும். நாம இல்ல பறக்கப் போறோம்! இன்னிக்கி மத்தியான ரயில்ல அவரு போறாராமே?"

"பேசிட்டுதான் வருவேன்."

"மஃப்ளரைக் கழட்டிட்டுப் பேசுங்க. போன வாரம் எங்கிட்ட பேசினதே எனக்குப் புரியல."

கரையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரில் நெற்றியில் வெள்ளை போட்ட கரிய பறவைகள் நீந்தின. புல்லுக்கட்டோடு வந்த கங்கம்மாளைத் தலைவர் சைகையால் நிறுத்தினார்.

"ஏமே, அதி ஏம் பட்சி?" என்று கிசுகிசுத்தார்.

"அதி பொல்லிகோடி, தொரா."

நாகபூஷணம் அதிகாரியின் காதோடு இங்கிலீஷில், "கவனியுங்கள் சார், உள்ளூர் ஸ்திரீ, சுத்தமான தெலுங்கு" என்றார். முனிரத்தினத்துக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது.

"ஏம்மா, அது என்ன பறவை?"

"நாமக்கோழி, வாத்யாரே. கொழம்பு வெச்சித் துன்னா சோக்கா இருக்கும்."

"கேட்டீர்களா சார், தமிழ்!" என்றார் முனிரத்தினம், மஃப்ளருக்குள்ளிருந்து.

அதிகாரி சிரித்து, பறவையைக் காட்டி, கையை விரித்து அவளைப் பார்த்தார். கங்கம்மாள் அவருக்கு ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினாள். அவருக்கும் புரிந்தது.

"உன் சொந்தப் பேச்சு எது? அதைச் சொல்லு ஐயாவுக்கு" என்று முனிரத்தினம் பல்லைக் கடித்தார்.

"யாரு எதுல கேக்கறாங்களோ அதுல சொல்றதுதானே மருவாதி? ஊட்டுல நான் இன்னா பேசினா உனக்கு இன்னா? கட்டு கனக்குது, வழிய வுடு."

"சபாஷ்! மேஷ்டாருக்கு நல்லா பரீட்சை வெச்சிட்டா" என்று தலைவர் வயிறு குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார்.

அப்போது அதிகாரியின் விரல் உதட்டுக்குப் போனது. தலையில் கறுப்புப் பட்டை போட்ட வாத்துகள் சில சரிந்து வந்து தண்ணீரில் இறங்கின. இமயத்துக்கு அப்பாலிருந்து வருபவை. மாதம் முழுக்க அவர் காத்திருந்தது இவற்றுக்காகத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு தொலைநோக்கிக்காகத் தலைவர் பக்கம் கையை நீட்டினார்.

தூரத்தில் ரயில் ஊதியது. அது மத்தியான ரயில் அல்ல, சரக்கு வண்டி. முனிரத்தினத்துக்கு அந்த வித்தியாசம் அப்போது தோன்றவில்லை. மஃப்ளரை உருவினார்.

"ஐயா! இந்த ஊர் தமிழ் ஊர்! இந்த ஏரி தமிழ் ஏரி! நான் பலமனேருக்குப் போக மாட்டேன்!"

ஏரியே எழுந்தது. நாமக்கோழி, நாரை, கொக்கு, வாத்து என்று ஒன்று பாக்கியில்லாமல் வானத்தில் கலந்து, ஒரு வட்டம் அடித்து, மலையைத் தாண்டிப் போயின. தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"பாருங்க சார்," என்றார் நாகபூஷணம், இனி கிசுகிசுக்க அவசியமில்லாமல். "எல்லாம் திருப்பதிப் பக்கம்தான் போவுது."

அதிகாரி நீட்டிய கையை மெதுவாகச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எந்த ஊரில் யார் என்ன பேசுகிறார்கள் என்பதெல்லாம் ஜனத்தொகைக் கணக்கில் இருக்கிறது" என்றார் இங்கிலீஷில். "அதை ஆபீசில் பார்த்துக்கொள்வோம். இங்கே நான் வாத்து பார்க்க வந்தேன்."

ஜீப்பில் ஏறிப் போனார். போகும்போது தலைவருக்கும் கை கொடுக்கவில்லை என்பதை முனிரத்தினம் சுலோசனாவிடம் இரண்டு முறை சொன்னார்.

தை மாதம் அவர் பலமனேரில் வேலைக்குச் சேர்ந்தார்.