பலகை நிறைந்த பிறகு

என் கணவருக்கு ஒரு பழக்கம். டிக்கெட், சாவி, ரசீது எதுவானாலும் எல்லாருடையதையும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மற்றவர்கள் கையில் இருந்தால் தொலைந்துவிடுமாம். கடற்கோட்டை வாசலிலும் அதையேதான் செய்தார்.

கோட்டை கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பாறைமேல் நின்றது. கடல் வற்றும்போது கல்பாதையில் நடந்து போகலாம். ஏறிவிட்டால் பாதை மூழ்கிவிடும். ஆறு மணி நேரத்துக்குப் போக்குவரத்து கிடையாது. அதனால் வாசலில் ஒரு பலகை, அதில் நூறு ஆணி, நூறு பித்தளை வில்லை. உள்ளே போகிறவர் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, வெளியே வரும்போது திரும்ப மாட்ட வேண்டும். பலகை நிறைந்தால் உள்ளே ஒருவரும் இல்லை என்று அர்த்தம். கடல் ஏறத் தொடங்கும் முன் வாசல்காரர் மணியடித்து எல்லாரையும் வெளியேறச் சொல்வார்; பலகை நிறைந்ததும் பூட்டிவிட்டுக் கரைக்கு வந்துவிடுவார். "அவங்கவங்க வில்லை அவங்கவங்க கையில இருக்கட்டும்" என்று அவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோதே எங்கள் மூன்றும் இவர் பைக்குள் போய்விட்டன.

மூன்றாவது ஆள் அண்ணி, இவருடைய அக்கா. பத்து நாளாக எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். வந்த இரண்டாம் நாளே, ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று என் சமையலறையைத் தலைகீழாக்கிவிட்டார். உப்பு டப்பாவைத் தேடியே எனக்குப் பாதி ஆயுள் போயிற்று. அது போதாதென்று, வில்லை வாங்கும் வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், "என் தம்பி பொண்டாட்டிக்கு எத எங்க வைக்கணும்னே தெரியாது. நான் வந்துதான் எல்லாத்தையும் சரிபண்ணேன்" என்றார். எனக்கு உச்சி மண்டை சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

உள்ளே போனதும் இவர் பீரங்கிகளைப் பார்க்க மதில்மேல் ஏறிவிட்டார். அண்ணிக்கு மூட்டுவலி. முற்றத்துக்குக் கீழே, பத்துப் படி இறங்கினால் ஒரு தாழ்ந்த நடை, அதைத் தாண்டிப் பழைய கிடங்கு அறை. அந்தக் காலத்தில் படகிலிருந்து நேராக மூட்டை இறக்கிய இடமாம். கடல் பக்கம் கம்பிக் கதவு. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. நான் கைபிடித்து இறக்கிவிட, அண்ணி அங்கிருந்த கல்மேடையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

"நான் இங்கயே கொஞ்சம் கால நீட்டிக்கிறேன். கிளம்புறப்ப வந்து கூப்பிடு."

"சரி அண்ணி."

நடையின் சுவரில் ஓர் அறிவிப்பு இருந்தது: கடல் ஏறும்போது முதலில் மூழ்குவது இந்த நடைதான், யாரும் தங்க வேண்டாம். நான் படித்தேன். அண்ணி படிக்கவில்லை. அவருடைய கண்ணாடியும் போனும் காரிலேயே கிடந்தன.

மணி அடித்தபோது நான் முற்றத்தில் நின்றேன். பத்துப் படி இறங்கினால் போதும். இறங்கவில்லை. அருமைத் தம்பி மேலேதானே இருக்கிறார், அவரே தேடிக் கூட்டிவரட்டும் என்று விறுவிறுவென்று வெளியே நடந்தேன். கரையேறி, ஊருக்குள் இருந்த குறுகலான கடைத்தெருவில் சங்குகளை எடுத்துப் பார்ப்பதும் விலை கேட்பதுமாகப் பொழுதை ஓட்டினேன். சொன்னால் வெட்கம், மனசுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

தெரு முடிவில் இவர் காரில் சாய்ந்துகொண்டு நின்றார். தனியாக.

"அக்கா எங்க?" என்றார்.

"உங்ககூட இல்லையா?"

"உன்கூட வர்றாங்கன்னு நெனச்சுதான் மூணு வில்லையையும் சேத்து மாட்டிட்டு வந்தேன்! கூட்டம் சேர்றதுக்குள்ள வண்டிய எடுக்கலாம்னு..."

ஓடினோம்.

வாசல்காரர் கரையில் நின்று கால்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். கல்பாதை பாதிக்குமேல் தண்ணீருக்குள் போயிருந்தது.

"உள்ள ஒருத்தரும் இல்ல சார். பலகை நிறைஞ்சிருச்சு. இருபது வருஷமா பலகை பொய் சொன்னதில்ல."

"பொய் சொன்னது நான்" என்று இவர் நடந்ததைக் கொட்டினார்.

வாசல்காரரின் முகம் மாறியது. "எங்க இருக்காங்க? முற்றத்துல இருந்தா பயமில்ல. தண்ணி வடியிற வரைக்கும் காத்திருக்கலாம்."

இவர் என்னைப் பார்த்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"கீழ அறையில" என்றேன். "நாந்தான் உக்கார வெச்சேன். வந்து கூப்பிடுறேன்னு சொன்னேன். கூப்பிடல."

இவர் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக் கோட்டையைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஒருத்தர்தான் கூட வரலாம், ரெண்டு பேர என்னால இழுக்க முடியாது" என்று வாசல்காரர் சாவிக்கொத்தையும் கயிற்றையும் எடுத்தார். இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன்.

முழங்கால்வரை இருந்த தண்ணீர் பாதி வழியில் தொடைக்கு வந்தது. ஒரு அலை என்னைக் கல்லிலிருந்து தள்ளியது. வாசல்காரர் என் இடுப்பில் கட்டியிருந்த கயிறு இழுத்து நிறுத்தியது. கதவைத் திறந்து முற்றத்தைக் கடந்து படிகளில் இறங்கினோம். கடைசி நாலு படிகள் தண்ணீரில் இருந்தன. நடையில் இடுப்பளவு தண்ணீர், கும்மிருட்டு. "அண்ணி!" என்று கத்தினேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். செத்துப்போயிருந்தால் நான்தான் கொன்றேன் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

அறைக்குள் நுழைந்தால், கம்பிக் கதவு வழியே வந்த வெளிச்சத்தில் தெரிந்தார் அண்ணி. கல்மேடைமேல் சுவரோடு ஒட்டி, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, காலைக் குறுக்கி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் மேடைக்கு ஒரு சாண் கீழே நின்றது.

இருவருமாகத் தாங்கிப் பிடித்து அவரை முற்றத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். இனிப் பாதையில் இறங்க முடியாது, தண்ணீர் வடியும்வரை இங்கேதான் என்றார் வாசல்காரர். மூச்சு வாங்கியபடி அண்ணியின் புடவையைப் பிழிந்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"மறக்கல அண்ணி. வேணும்னுதான் கூப்பிடல."

"தெரியும். மணி அடிச்சும் நீ வரலையே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா அங்கயே இருந்தீங்க? எந்திரிச்சு வந்திருக்கலாம்ல?"

"வர்றியா இல்லையான்னு பாத்துடலாம்னு இருந்தேன்." அவருக்கும் வீம்புக்குக் குறைச்சல் இல்லை. "அப்புறம் நடையில தண்ணி வந்துருச்சு, கால் வைக்கப் பயமாயிருச்சு. சரி, மேடையத் தொட்டா ஒரு சத்தம் போட்டா ஆச்சு, யாராவது வந்துட்டுப் போறாங்கன்னு உக்காந்துட்டேன்."

"இவங்க கத்தினது கேட்டுச்சாம்மா உங்களுக்கு?" என்று வாசல்காரர் என்னைக் காட்டிக் கேட்டார்.

"இவ எங்க கத்தினா?"

"நடையில நின்னு ரெண்டு தடவ கத்தினாங்க. பத்தடி தூரம். கடல் ஏற ஆரம்பிச்சா அலை இரைச்சல்ல அந்த அறையில இருந்து ஒரு சத்தமும் வெளிய வராதும்மா, வெளிய கத்துறதும் உள்ள வராது. நீங்க போடுற சத்தம் யாருக்குக் கேட்டிருக்கும்?"

அண்ணி அவரைப் பார்த்தார். பிறகு நாங்கள் ஏறிவந்த படிகளை எட்டிப் பார்த்தார். மேலே மூன்று படிகள்தான் தெரிந்தன.

அதுவரை நடுங்காதவர் அப்போதுதான் நடுங்க ஆரம்பித்தார். நான் அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். நானும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன்.