கோஸ்தாவின் கை

நஸீஃப் காருக்கு அடியில் போய் இருபது நிமிடம் ஆகிவிட்டது. அவருடைய பழுப்பு நிற ஷூக்கள் இரண்டும்தான் வெளியே தெரிந்தன. ஐம்பத்தைந்து வயது மனிதர், கெய்ரோவிலிருந்து காலை ரயிலில் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து இறங்கியவர், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, காவல்காரர் ஷாஸ்லி விரித்த ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியின் மேல் மல்லாந்து சின்னப்பிள்ளை மாதிரி உள்ளே நழுவிவிட்டார். அவ்வப்போது கீழிருந்து ‘ம்’ என்று ஒரு சத்தம் வரும். பாராட்டா, சந்தேகமா என்று கண்டுபிடிக்க முடியாத ‘ம்’. மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சுஹைர் ஒவ்வொரு ‘ம்’முக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தைந்து வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள் அவள். மூச்சை அடக்குங்க, அசையாதீங்க என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாள். சொல்கிறவளுக்கு என்ன, சுலபம்தான்.

அலெக்ஸாந்திரியாவில் நவம்பர் மாதத்துப் புயலுக்குத் துடைப்பம் என்று பேர். அது முந்தின நாள்தான் வந்து தெருவைப் பெருக்கிவிட்டுப் போயிருந்தது. கராஜ் வாசலில் இன்னும் தண்ணீர் தேங்கி நின்றது. அதற்கு மேலே மூன்றாவது மாடியில் அவள் பிறந்த வீடு. அறுபத்தாறு வருடமாக அங்கேதான் இருக்கிறாள். கல்யாணம் என்று ஒன்று நடந்து, அது முடிந்து, திரும்பி வந்ததும் அங்கேதான். அப்பா காலத்து வாடகையில் ஓடிக்கொண்டிருந்த வீடு. இப்போது அந்த வாடகைச் சட்டம் மாறிவிட்டது. வீட்டுக்காரரின் மகன் நேரில் வந்து, அவள் கொடுத்த டீயைக் குடித்து, ரொம்ப மரியாதையாகவே சொன்னான். வருடம் முடிவதற்குள் அறுபது லட்சம் எகிப்து பவுண்டு கொடுத்தால் வீடு அவளுடையது. இல்லையென்றால் ஒரு பல் டாக்டர் காத்திருக்கிறார். அவளிடம் இருந்தது ஒரு பென்ஷன், இரண்டு வளையல், டாக்டராக இருந்த அப்பா விட்டுப்போன இந்தக் கார்.

குவைத்தில் அபூ மிஷ்அல் என்று ஒருவர், பழைய கார் பைத்தியம். 1952-ஆம் வருடத்து லான்சியா, இரண்டு கதவு, எழுபது வருடமாக ஒரே ஊர் என்று கேள்விப்பட்டதும் தூக்கம் போய்விட்டது அவருக்கு. எல்லாம் அசல் என்று, பழைய கார்களைச் சோதித்துச் சொல்லும் நஸீஃப் பார்த்து எழுதிக் கொடுத்தால் எழுபது லட்சம் தருவதாகச் சொல்லியிருந்தார். அசல் இல்லையென்றால் நாற்பது கிடைத்தாலே பெரிது. அவளுடைய வீடு நஸீஃபின் பேனா முனையில் இருந்தது.

நஸீஃப் வெளியே வந்தார். முதுகைத் தட்டிக்கொள்ளக்கூட இல்லை. கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தை எடுத்து மட்கார்டு ஓரமாக இழுத்துக்கொண்டே போனார். பூச்சுக்கு அடியில் பட்டி வைத்து அடைத்திருந்தால் அங்கே காந்தம் பிடிக்காது. எல்லா இடத்திலும் ‘டக்’கென்று பிடித்தது.

“டாக்டர் இந்தக் காரை எங்கயும் இடிக்கவே இல்லையா மேடம்?”

“ஒருதரம் ஒரு கழுதை வந்து இடிச்சுது. கழுதைக்குத்தான் அடி.”

அவர் சிரித்தார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். எகிப்தில் வண்டிகளுக்கு ஸ்டீயரிங் இடதுபுறம், இதற்கு வலதுபுறம். இந்தக் கம்பெனி அந்தக் காலத்தில் இத்தாலியர்களுக்கே அப்படித்தான் செய்து கொடுத்தது. வாங்கினவர்களில் பாதிப் பேர் இடதுபுறம் மாற்றிக்கொண்டார்கள். கியர் கம்பி ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்தது. அதையும் பலபேர் தரைக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே யாரும் எதையும் தொடவில்லை. சாம்பல் நிறக் கம்பளி இருக்கைத் துணியை அவர் குனிந்து மோந்துகூடப் பார்த்தார்.

“மனுஷங்க வாசம் வருது. தச்சு மாத்தினதுல பசை வாசம்தான் வரும்.” நோட்டில் எழுதினார். “எஞ்சினைப் பாத்துடலாம்.”

சுஹைர் எழுந்து நின்றாள். அங்கேதான் விஷயம் இருந்தது.

அந்த எஞ்சின் அந்தக் காரோடு பிறந்ததல்ல. கூடவே பிறந்தது 1967 கோடையில் பாலைவனச் சாலையில் தண்ணீர் வற்றி வெடித்துப்போயிற்று. ஏழு மாதம் கார் இந்தக் கராஜில் பிணமாகக் கிடந்தது. அப்புறம் வேறொரு எஞ்சின் வந்தது. போக்குவரத்து அலுவலகத்தில், எஞ்சினை மாற்றினால் அதில் பொறித்த எண்ணையும் மாற்றிப் பதியவேண்டும், அதற்கு வாங்கிய ரசீது வேண்டும் என்றார்கள். ரசீது இல்லை. மெக்கானிக் ஸெய்யித் தலையைச் சொறிந்துகொண்டு, ‘இதுக்குப் போய் ஏன் டாக்டர்’ என்று புது எஞ்சினின் எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டு, லைசென்ஸில் இருந்த பழைய எண்ணை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்து இறக்கினார். ஊரில் பாதிக் கார் அப்படித்தான் ஓடியது. ஒன்பது வயது சுஹைர் படியில் உட்கார்ந்து அடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது அவளுக்கு இன்றும் நினைவிருக்கிறது.

யாரையும் ஏமாற்றச் செய்த வேலையில்லை அது என்று இந்த ஒரு மாதமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி உண்மையும்கூட.

நஸீஃப் துணியால் துடைத்தார். பூதக்கண்ணாடியை வைத்தார். டார்ச் அடித்தார். மூச்சை அடக்கு, அசையாதே என்று சுஹைர் தனக்கே சொல்லிக்கொண்டாள். ஐம்பத்தேழு வருடத்துச் சூடும் எண்ணெய்ப் பிசுக்கும் ஸெய்யித்தின் கைவேலையை அசல் போலவே ஆக்கிவிட்டிருந்தன. நஸீஃப் ஒவ்வொரு எண்ணாக லைசென்ஸோடு ஒத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

“இந்த ஊர்ல நூறு கார் பாத்தா தொண்ணூறுல நம்பரை மாத்தி அடிச்சு வச்சிருப்பான். நானும் அதே பயத்தோடதான் வந்தேன்.” பேனாவை எடுத்து எஞ்சின் என்ற கட்டத்தில் ‘அசல்’ என்று எழுதினார். “ஒருதரம் ஸ்டார்ட் பண்ணுங்க மேடம். சத்தம் கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்.”

வாசலில் ஷாஸ்லி இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். சுஹைருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீடு நின்றுவிட்டது. சமையலறை ஜன்னல், அதில் ஒரு துண்டுக் கடல், எல்லாம் அவளுடையது. ஏறி உட்கார்ந்து கதவைத் திறந்தபடியே விட்டு, ஸ்டார்ட் செய்தாள். முதலில் ஒரு கனைப்பு, அப்புறம் இன்னொன்று, பிறகு ஆறு சிலிண்டரும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. அவள் நாக்கு தன்னிச்சையாக, சத்தமாக, எப்போதும் சொல்வதைச் சொன்னது.

“உங்க கை நல்லா இருக்கட்டும், கோஸ்தா.”

நஸீஃப் பேனாவோடு திரும்பினார். “யாரு மேடம் கோஸ்தா?”

சுஹைர் ஸ்டீயரிங்கைத் துடைத்தாள். “அது... பழைய மெக்கானிக். கிரேக்கக்காரர்.”

“நல்ல கைதான்,” என்று நஸீஃப் தலையசைத்துவிட்டுத் தாளை மட்கார்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போடக் குனிந்தார். “என்ன கூலி வாங்கினாரோ, குடுத்தது தகும்.”

அவ்வளவுதான். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கூலி என்ற அந்தச் சொல் மட்டும் சுஹைரின் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. எண் பொய்யாக இருந்துவிட்டுப் போகட்டும், அது இரும்பு, அதற்கு மானமில்லை. கோஸ்தாவை அல்லவா இப்போது கூலிக்காரன் ஆக்கிவிட்டாள்.

“உஸ்தாஸ் நஸீஃப்,” என்றாள். “கொஞ்சம் நில்லுங்க. கையெழுத்துப் போடாதீங்க.”

ஷாஸ்லி வாசலிலிருந்து, “சுஹைரம்மா, டீ கொண்டு வரட்டுமா? இப்பவே கொண்டு வரட்டுமா?” என்று அவசர அவசரமாகக் கத்தினார். ஐம்பது வருடமாக அந்தக் கட்டிடத்தைக் காக்கும் அவருக்கும் எல்லாம் தெரியும்.

“இருங்க சாச்சா. அவரு மெக்கானிக் இல்லை, உஸ்தாஸ். மூலையில மளிகைக்கடை வச்சிருந்தவரு. அவருகிட்டயும் இதே லான்சியா இருந்துச்சு, நாலு கதவு. டிராம் வண்டி மோதி நசுங்கிப்போச்சு. எஞ்சின் மட்டும் தப்பிச்சுது. மீன்பிடிக்கிறவங்க படகுக்கு வேணும்னு நல்ல விலைக்குக் கேட்டாங்க. அவரு ஊரை விட்டுப் போற சமயம், ஏதென்ஸுக்கு. அப்பா போய் என்ன விலைன்னு கேட்டாரு. அதுக்கு கோஸ்தா, வித்தா காசைக் கப்பல்ல ஏத்த கவர்மென்ட் விடாது, டாக்டர். காசும் இங்கயே கிடக்கும், நானும் போயிடுவேன். சும்மா குடுத்தேன்னா நான் கொஞ்சம் இங்கயே இருப்பேன்னாரு. நாலு பேரோட தள்ளுவண்டியில வச்சுத் தானே தள்ளிட்டு வந்தாரு. இந்த வாசல் வழியாத்தான்.”

நஸீஃப் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார்.

“போக்குவரத்து ஆபீசுல ரசீது கேட்டான். சும்மா குடுத்ததுக்கு யாரு ரசீது தருவா? அதனாலதான் பழைய நம்பரையே அடிச்சோம். அடிச்ச அன்னிக்கு அப்பா சுவரைப் பாத்துத் திரும்பி நின்னாரு. அப்புறம் முதல்தரம் வண்டி ஸ்டார்ட் ஆனப்போ, உங்க கை நல்லா இருக்கட்டும் கோஸ்தான்னு சொன்னாரு. அதுக்கப்புறம் எந்த நாளும் சொல்லாம வண்டியை எடுத்ததில்லை. கோஸ்தாவுக்கு நூறு வயசு தாண்டியிருக்குமே, இன்னுமா கை நல்லா இருக்கணும்னு எங்கம்மா கேலி பண்ணுவாங்க. செத்துட்டாருன்னு எனக்கு யாரும் சொல்லலையேன்னுவாரு அப்பா.” அவள் கை தன்னையறியாமல் அடிவயிற்றின் வலப்பக்கம் போயிற்று. “பதினோரு வயசுல எனக்குக் குடல்வால் வெடிச்சுது. ஊருக்கு வெளிய, அபூ கீர் கடற்கரையில இருந்தோம். வேற ஒரு வண்டி கிடையாது. இந்த எஞ்சின்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்துச்சு. அரைமணி தாமதமாகியிருந்தா நான் இன்னிக்கு உங்களுக்குப் பொய் சொல்லக்கூட இருந்திருக்க மாட்டேன்.”

நஸீஃப் எஞ்சினை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். துணியில் பெட்ரோலை நனைத்து எண்களை மறுபடி துடைத்தார். இந்தத் தடவை டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடித்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். எண்களுக்கு அடியில் அரம் போன தடம், மெல்லிய கோடுகளாக, சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து வந்திருக்கவேண்டும். அவர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். காது மடல் சிவந்திருந்தது.

“முப்பது வருஷமா இதே வேலை,” என்றார். “டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிக்கணும்னு நான் மத்தவனுக்குச் சொல்லிக்குடுக்கறவன். இன்னிக்குச் சாய்ச்சுப் பிடிக்கத் தோணலை மேடம். வண்டி அவ்வளவு அழகா இருந்துச்சு. எதுவும் கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு இருந்துட்டேன் போல.”

“என் தப்பு, உஸ்தாஸ்.”

“அபூ மிஷ்அல் இந்த வண்டியைச் சான்றிதழுக்கு இத்தாலிக்கு அனுப்புவாரு. அங்க ஒரு கிழவன் இருக்கான், ரெண்டே நிமிஷத்துல சொல்லிடுவான். அப்புறம் நீங்க ஏமாத்துக்காரி, நான் கூட்டுக்களவாணி. என் கையெழுத்தை ஒருத்தன் மதிக்க மாட்டான். என் பசங்க சாப்பிடற சோத்தை இன்னிக்கு நீங்கதான் காப்பாத்தியிருக்கீங்க. நல்லா இருங்க. வேற என்ன சொல்றதுன்னு தெரியலை.” ‘அசல்’ என்ற சொல்லின் மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்தார்.

ஷாஸ்லி உள்ளே வந்து தலையில் அடித்துக்கொண்டார். “அந்தக் கிரேக்கக்காரன் அன்னிக்கு எஞ்சினைக் குடுத்தான், நீ இன்னிக்கு வீட்டைக் குடுத்துட்ட. சரியாப் போச்சு கணக்கு!”

சுஹைர் சிரித்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கே ஆச்சரியம். வீட்டு விலைக்கு இருபது லட்சம் குறையப்போகிறது, சமையலறை ஜன்னலும் துண்டுக் கடலும் பல் டாக்டருக்குப் போகலாம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போயிருந்தது. அப்பா சுவரைப் பார்த்து நின்றாரே, அவரையும் இந்தப் பக்கம் திருப்பிவிட்டாற்போல இருந்தது. அவருக்கு, கோஸ்தாவுக்கு, டார்ச்சைத் தாமதமாகச் சாய்த்த இந்த மனிதருக்கு, திட்டிக்கொண்டே டீ போடப் போன ஷாஸ்லிக்கு, எல்லோருக்கும் நன்றி சொல்லவேண்டும் என்று அவள் மனம் பரபரத்தது.

நஸீஃப் குவைத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, ஒன்று விடாமல் சொன்னார். தன் கண் தவறியதையும் சொன்னார்.

“அந்தம்மா பக்கத்துல இருக்காங்களா?” என்றார் அபூ மிஷ்அல். “ஏம்மா, இவன் எழுதிட்டானே. அப்புறம் ஏன் சொன்னீங்க?”

“அவரை மெக்கானிக்குன்னு சொல்லிட்டேன்,” என்றாள் சுஹைர். “அவரு கூலி வாங்கலை.”

குவைத்தில் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. “நாலு கதவு எஞ்சினுக்கு மூச்சு கொஞ்சம் கம்மியா இருக்கும்னு சொல்லுவாங்க. நஸீஃப், ஸ்டார்ட் பண்ற சத்தத்தை எனக்குப் பதிவு பண்ணி அனுப்பு. யாரும் பேசக் கூடாது, வண்டி மட்டும் பேசணும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு விலை சொல்றேன்.” போன் வைக்கப்பட்டது.

நஸீஃப் ஆணியிலிருந்து கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார், யாரோ பெரிய மனிதரைப் பார்க்கப் போவதுபோல. காரின் முன்னால் போய் நின்று, போனை எஞ்சினுக்கு மேலே நீட்டிப் பிடித்தார். ஷாஸ்லி டீத் தட்டோடு வாசலிலேயே உறைந்து நின்றார். நஸீஃப் கட்டை விரலை உயர்த்தினார்.

சுஹைர் இடது கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு வலது கையால் ஸ்டார்ட் செய்தாள். ஒரு கனைப்பு, இன்னொன்று, பிறகு ஆறும் பிடித்துக்கொண்டன. நாக்கு வாய்க்குள் முட்டியது. அவள் விடவில்லை. ஐம்பத்தேழு வருடத்தில் முதல்தடவையாக அந்த எஞ்சின் அந்தச் சொல் இல்லாமல் ஓட ஆரம்பித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கதவு வழியே எட்டிப் பார்த்தாள். போனை எஞ்சினுக்கு மேல் நீட்டியபடி நின்ற நஸீஃபின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.