அட்ஜஸ்ட்டும் அதன் பங்காளிகளும்

தொண்ணூற்று மூன்றில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. காண்ட்ராக்டர் சிட்டிபாபு, அப்பன் விட்டுப்போன நஞ்சையை விற்றுப் புல்லட் வாங்கியவன். வாயைத் திறந்தால் இங்கிலீஷ். குடிக்கத் தண்ணீர் கேட்டால் 'அட்ஜஸ்ட்' என்பான். பெண்கள் ஒதுங்க ஒரு மறைப்புக் கேட்டால் 'கோவாப்ரேட்' என்பான். கைக்குழந்தையைப் போட நிழல் கேட்டால் 'மேனேஜ்'. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான்: நீ பொறுத்துக்கொள், நான் டீ குடித்துவிட்டு வருகிறேன்.

அன்று மாடிக்குக் கலவை தூக்கப் போன சித்தாள் ஜெயக்கொடி, சாரத்துக் கயிறு நைந்திருப்பதைப் பார்த்துச் சட்டியை இறக்கிவிட்டாள்.

"கயிறு மாத்து சார். நான் ஏறமாட்டேன்."

"இன்னாம்மா பேஜார் பண்றே? கலவை கலந்தாச்சு. இன்னிக்கி ஒருநாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"வுழுந்தா என் புள்ளைங்களுக்கு யாரு சோறு போடறது? நீ மொதல்ல ஏறு, பின்னாலயே நான் வர்றேன்."

மற்றப் பெண்களும் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். சிட்டிபாபு வீறாப்பாக வேட்டியை மடித்துக் கட்டி, முதல் கட்டையில் காலை வைத்தான். கயிறு நழுவிக் கட்டை ஒரு சாண் இறங்கியது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே குதித்தான்.

"எம்மாம் பெரிய சூரன்!" என்றாள் ஒருத்தி.

புதுக் கயிறு வாங்க அவனே புல்லட்டில் போனான். அது வந்து, சாரத்தைக் கட்டி முடிப்பதற்குள் கலவை இறுகிக் கல்லாகிவிட்டது.

"அத்தனையும் பாழாப்போச்சே!" என்று தலையில் கை வைத்தான்.

ஜெயக்கொடி சும்மாட்டைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"மேனேஜ் பண்ணிக்கோ சார்."